கிரயத்துக்கு முன் ஒரு பரீட்சை

கோயமுத்தூரிலிருந்து அவினாசி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் கருமத்தம்பட்டியைக் கடக்கிறவர்கள், ஒரு தலைமுறைக்கு முன் சோளமும் கொள்ளும் பருத்தியும் விளைந்த மேட்டுக்காடுகள் இன்று மூன்று சென்ட், ஐந்து சென்ட் சைட்டுகளாகப் பிரிந்து, ஒரே மாதிரியான முகப்பும் ஒரே மாதிரியான வர்ணமும் பூண்ட தனி வீடுகளாக எழுந்து நிற்பதைச் சாலையிலிருந்தே காணலாம். பேரூராட்சியாக இருந்த ஊர் 2021-இல் நகராட்சியாயிற்று. திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் கோவையின் கணினி நிறுவனங்களிலும் வேலை பார்க்கிற இளம் குடும்பங்கள், இரண்டு நகரங்களுக்கும் நடுவில் இருக்கும் சௌகரியத்தை உத்தேசித்து இங்கே வீடு தேடி வருகிறார்கள். அவர்களில் உறவு என்றும் சிநேகிதம் என்றும் என்னிடம் யோசனை கேட்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "டாக்குமெண்ட் எல்லாம் கிளியருங்களா?" என்பதுதான். மிகவும் அவசியமான கேள்வி. ஆனால் அதற்குக் குறையாத அவசியம் உடைய இன்னொரு கேள்வி, அந்தக் கடைக்காலும் சுவரும் தளமும் ஒயரும் குழாயும் எப்படி இருக்கின்றன என்ற கேள்வி, ஏறக்குறைய ஒருவர் வாயிலிருந்தும் வருவதில்லை.

இதற்குக் காரணம் நம் பக்கத்து ஜனங்களின் அசிரத்தை என்று நான் எண்ணவில்லை. கண்ணபுரம் சந்தையில் காங்கேயம் காளை ஒன்றை விலை பேசும் விவசாயி, பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, நான்கு தப்படி நடத்திப் பார்த்து, அதன் பிறகும் திருப்தி இல்லாவிட்டால் விவரம் தெரிந்த இன்னொருவரை அழைத்து வந்து காட்டி, அதற்கப்புறமே துண்டுக்கு அடியில் விரலைப் பிடிக்கச் சம்மதிக்கிறார். அந்தக் குடும்பத்தின் மகனே, தன் ஆயுளின் சம்பாத்தியத்தையும் இன்னும் இருபது வருஷத்துக்கான மாதத் தவணையையும் ஒரு வீட்டில் வைக்கும்போது, முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், பட்டா, டிடிசிபி அங்கீகாரம் ஆகியவற்றை வக்கீலிடம் கொடுத்து ஒப்பீனியன் வாங்கி, வாசல் எந்தத் திசை, சமையலறை எந்த மூலை என்றெல்லாம் விசாரித்துவிட்டு, கட்டடத்துக்கு மட்டும் அரைமணி நேரம் ஒதுக்கி, குழாயைத் திறந்து மூடி, தரையின் பளபளப்பைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுத் திரும்புகிறான். கட்டடத்தைப் பார்ப்பதற்கென்று ஒருவர் இருக்கிறார் என்பதும், அவரை அழைப்பது விற்பவருக்குச் செய்யும் அவமரியாதை ஆகாது என்பதும் நம்மிடையே இன்னும் வழக்கமாகவில்லை.

வேறு யாரோ பார்த்திருப்பார்கள் என்ற நம்பிக்கைதான் பலரை நிம்மதியாகத் தூங்க வைக்கிறது. பாங்கிலிருந்து இன்ஜினியர் வந்து பார்த்தாரே என்பார்கள். அவர் வந்தது வாஸ்தவம். ஆனால் அவர் மதிப்பீட்டாளர். கொடுக்கப் போகிற கடனுக்கு இந்தச் சொத்து ஈடாகுமா, வரைபடத்தில் உள்ளபடி கட்டடம் நிற்கிறதா, நாளைக்கு விற்றால் என்ன விலை வரும் என்று பாங்குக்குச் சொல்வதே அவருடைய கடமை. குளியலறைச் சுவருக்குப் பின்னால் ஓதம் ஏறுகிறதா என்பது அவருடைய விசாரணைக்குள் வருவதில்லை. அவருடைய அறிக்கையும் பாங்கின் கோப்புக்குத்தான் போய்ச் சேருகிறது. அரசாங்கம் பார்த்துத்தானே அனுமதி கொடுத்தது என்பது இரண்டாவது நம்பிக்கை. 2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சுயசான்றுத் திட்டத்தின்படி, 2,500 சதுர அடிக்குள் அடங்கிய மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுகிறவர், விதிகளின்படியே கட்டுவேன் என்று தாமே சான்றளித்து இணையத்தில் உடனுக்குடன் அனுமதி பெற்றுக்கொள்ளலாம். கட்டி முடித்ததற்கான சான்றிதழும் வேண்டியதில்லை. தன் குடும்பத்துக்கென்று கட்டுகிறவரை அலைச்சலிலிருந்து காப்பாற்றும் நல்ல திட்டம் என்றே நான் கருதுகிறேன். ஆயினும் விற்பதற்கென்றே கட்டப்பட்ட வீட்டை வாங்குகிறவர், மூன்று சென்ட் மனையில் நிற்கும் அந்த வீட்டை எந்த அதிகாரியும் உள்ளே நுழைந்து பார்த்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

சட்டத்தின் ஏற்பாடும் இதில் கவனிக்கத் தக்கது. 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, சொத்தில் உள்ள முக்கியமான குறை எதுவாயினும், விற்பவருக்குத் தெரிந்து வாங்குபவருக்குத் தெரியாதிருந்தால் அதை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. ஆனால் வாங்குபவர் சாதாரண ஜாக்கிரதையோடு பார்த்திருந்தால் கண்டுபிடித்திருக்கக் கூடிய குறையை அந்தக் கடமையிலிருந்து விலக்கியும் விடுகிறது. சுருங்கச் சொன்னால், பார்க்க வேண்டியவன் பார்க்காமல் விட்டதற்கு விற்றவரைக் குறை சொல்ல இடம் குறைவு. 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம், நாம் ரெரா என்று சொல்வது, இந்த நிலையைப் பெரிதும் மாற்றியது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் அமைப்பிலோ வேலைப்பாட்டிலோ குறை கண்டு தெரிவித்தால், கட்டியவர் முப்பது நாளுக்குள் தம் செலவிலேயே அதைச் சீர்செய்து தரவேண்டும் என்பது அதன் 14-ஆம் பிரிவு. ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்தில் அமைந்த திட்டமும், எட்டு வீடுகளுக்கு மேற்படாத திட்டமும் அந்தச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யப்பட வேண்டியதில்லை. 500 சதுர மீட்டர் என்பது நம் கணக்கில் பன்னிரண்டு சென்ட்டுக்குச் சற்று மேல். கருமத்தம்பட்டியிலும் சோமனூரிலும் ஒருவர் ஒரு சைட்டை வாங்கி, அதில் ஒரு வீட்டைக் கட்டி விற்கிறாரே, அந்த வகை வீடுகள் பெரும்பாலும் இந்த எல்லைக்கு உட்பட்டவை. ஆகையால் வீட்டின் ரெரா பதிவு எண்ணை முதலில் கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், கிரயத்துக்கு முன் செய்கிற பரிசோதனையே உங்களுடைய பிரதான பாதுகாப்பு என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

சென்ற வருஷம் என் ஒன்றுவிட்ட தம்பியின் மகன் சோமனூர்ச் சாலைப் பக்கம் ஒரு வீட்டுக்கு விலை பேசி முடித்திருந்தான். பரிசோதனை என்ற பேச்சை நான் எடுத்தவுடன், "வீடு புதுசுதானுங்களே பெரியப்பா, இதுக்குப் போயி எதுக்குங்க இன்ஜினியரு?" என்றான். பழைய வீடு பல மழைகளையும் பல கோடைகளையும் பார்த்து, தன் குற்றங்களைத் தானே வெளியே காட்டியிருக்கும். புது வீடோ பட்டி பார்த்து வர்ணம் பூசி எல்லாவற்றையும் மூடிக்கொண்டு நிற்கிறது, ஆகையால் புது வீட்டுக்குத்தான் தேர்ந்த கண் அதிகம் வேண்டும் என்று நான் சொன்னதை அவன் அரைமனதோடு ஏற்றுக்கொண்டான். நகரத்திலிருந்து வந்த கட்டட அமைப்புப் பொறியாளர், வீட்டுக்காரர் திறந்து வைத்த நிலைக்கதவுக்குள் நுழையாமல், நேரே பக்கத்துக் காலி சைட்டுக்குப் போய் ஒரு மண்ணாங்கட்டியைக் கையில் எடுத்து நொறுக்கிப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஏனென்றால் நம் பிரதேசத்தில் விஷயம் மண்ணில்தான் ஆரம்பிக்கிறது. கோவைக்குப் பருத்தியையும், பருத்தியின் வழியாக மில்களையும் கொண்டுவந்து சேர்த்த அதே கரிசல் மண், கட்டடத்துக்குச் சிநேகமானது அல்ல. நீரைக் குடித்தால் உப்பி, வெயிலில் காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும் சுபாவம் உடையது. மேலே நிற்கும் சுவரை மழைக்காலத்தில் தூக்கியும் கோடையில் இறக்கியும் வருஷந்தோறும் வருத்துவது. செம்மண்ணுக்குப் போதுமான ஆழமும் அகலமும் கரிசலுக்குப் போதா. இப்படிப்பட்ட மண்ணுக்கென்றே ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம், அடிப்பாகம் குமிழ்போல அகன்ற அண்டர்ரீம் பைல் என்னும் அஸ்திவார முறையைப் பரப்பியது. அதைச் செய்யாத இடத்திலும், கரிசலை நல்ல ஆழத்துக்குத் தோண்டி அகற்றி, கிராவல் நிரப்பி, மேலே பிளிந்த் பீம் ஓட்டி, வீட்டைச் சுற்றிலும் மழைநீர் இறங்காதபடி தளம் போடுவது அனுபவசாலிகளின் வழக்கம். கருமத்தம்பட்டியைச் சுற்றி ஒரே லேஅவுட்டில் ஒரு மூலை செம்மண்ணாகவும் மறு மூலை கரிசலாகவும் இருப்பதுண்டு. பக்கத்து வீட்டுக்காரருக்கு விரிசல் இல்லை என்பது நமக்கு அத்தாட்சி ஆகாது. வறண்ட காலத்தில் பார்த்த சைட்டை மழைக்காலத்திலும் ஒரு முறை பார்ப்பது நல்லது. 2024 ஆகஸ்டில் அத்திக்கடவு–அவினாசித் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டு, 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் வர வழி ஏற்பட்டிருக்கும் இந்நாளில், பல வருஷமாகக் காய்ந்து கிடந்த குட்டையின் கரையில் மலிவாகக் கிடைக்கிற மனையை நிரம்பிய குட்டையோடு சேர்த்து மனத்தில் கற்பித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. நிலநடுக்கம் நமக்கு இல்லை என்று நினைப்பவர்களும் உண்டு. 1900-ஆம் வருஷம் பிப்ரவரி 8-ஆம் தேதி கோவையை உலுக்கிய பூகம்பம் ஏறக்குறைய ஆறு ரிக்டர் அளவினது. நிலநடுக்கத் தரவிதியின் 2016-ஆம் வருஷப் பதிப்பு கோவையை மூன்றாம் மண்டலத்தில் வைத்திருக்கிறது. ஆகையால் லிண்டல் மட்டத்தில் கான்கிரீட் பெல்ட் சுவர் முழுவதும் சுற்றி ஓடுகிறதா, அல்லது ஜன்னலுக்கு மேல் துண்டு துண்டாக நிற்கிறதா என்று கேட்பது வீண் கேள்வி அன்று.

பின்கட்டுப் படுக்கையறையில் ஜன்னலின் கீழ் மூலையிலிருந்து சாய்வாக இறங்கிய மயிரிழை விரிசல் ஒன்றைப் பொறியாளர் காட்டினார். பூச்சு காய்ந்ததால் வலைபோலப் படரும் விரிசலைப் பற்றிக் கவலை வேண்டாம். தளமும் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாக ஓடுவது பெரும்பாலும் வெயிலில் தளம் விரிவதன் விளைவு. ஒயர் குழாய்க்காகச் சுவரை வெட்டிய தடத்தில் வருவது வேலைக்குறை. ஆனால் ஜன்னல் மூலையிலும் கதவு மூலையிலும் சாய்வாகக் கிளம்புவதும், செங்கல் வரிசையில் படிப்படியாக ஏறுவதும் அஸ்திவாரம் அசைகிறதோ என்று சந்தேகிக்க வேண்டியவை என்று அவர் விளக்கினார். உடனே தீர்ப்புச் சொல்லவும் இல்லை. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டை ஒன்றை ஒட்டி, தேதி எழுதி, ஒரு மழை பெய்து முடியும்வரை காத்திருக்கச் சொன்னார். பட்டை உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் தூக்குக்குண்டும் ரசமட்டமும் வெளியே வந்தன. மொட்டை மாடியில் நீர் வெளியேறும் குழாய் ஒரு பக்கம், தளத்தின் வாட்டம் எதிர்ப்பக்கம். குளியலறையில் நாணயத்தால் தட்டியபோது நான்கைந்து டைல்கள் உள்ளீடற்ற ஓசை எழுப்பின. எம்.சி.பி. பெட்டியில் எல்லாம் இருந்தும், மின்கசிவு ஏற்பட்ட கணத்தில் இணைப்பைத் துண்டித்து உயிரைக் காக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் சாதனம் இல்லை. கீசர் பாயின்டில் எர்த் ஒயர் சுவருக்குள் அனாதையாகச் சுருண்டு கிடந்தது. எனக்கு மிகுந்த வேதனை தந்தது இந்த இரண்டும்தான். ஈரக் கையோடு கீசரைத் தொடப்போவது அந்த வீட்டுப் பெண்ணும் குழந்தையும்; சில ஆயிரம் ரூபாயில் முடிகிற இந்தக் காரியத்தை விட்டுவிட்டு, முகப்பில் அலங்கார விளக்குகளுக்குத் தாராளமாகச் செலவழித்திருந்தார்கள்.

கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. கான்கிரீட்டின் மீது அடித்துப் பார்க்கிற ரீபவுண்ட் சுத்தியல், ஒலியைச் செலுத்தி அறிகிற கருவி, ஈரமானி, வெப்பக் காமிரா என்று இப்போது பல வந்திருக்கின்றன; வண்ணப் படங்களோடு ஐம்பது பக்க அறிக்கை தருகிற கம்பெனிகளும் பெருநகரங்களில் உண்டு. ரீபவுண்ட் சுத்தியல் சொல்கிற வலிமைக் கணக்கு இருபத்தைந்து சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று அதற்கான இந்தியத் தரவிதியே சொல்கிறது. கருவியைக் காட்டிலும் அதைப் பிடித்திருக்கும் கையின் அனுபவமே பெரிது என்பது என் அபிப்பிராயம். தூணின் அடியில் பூச்சை ஒரு சாண் அகற்றிக் கம்பியின் மேல் கான்கிரீட் கவசம் இருக்கிறதா என்று பார்க்கத் துணிகிற பொறியாளர் (தூணுக்கு 40 மில்லிமீட்டர், தளத்துக்கு 20 மில்லிமீட்டர் வேண்டும் என்பது விதி) வர்ணப் படங்களால் நிரப்புகிறவரைவிட நமக்கு உபயோகமானவர்.

தண்ணீருக்கு வருவோம். ஆயிரம் அடிக்கும் கீழே இறங்கிய போர்வெல்கள் நம் பக்கத்தில் சகஜம். எத்தனை அடி, எந்த வருஷம் போட்டது, கோடையில் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று விற்பவரிடமும், அவரிடம் மட்டும் அன்றி அக்கம்பக்கத்திலும் விசாரியுங்கள். தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். கரைந்த உப்புக்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை உத்தமம், வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை சகிக்கலாம் என்பது தரவிதி. பாதாளச் சாக்கடை இல்லாத லேஅவுட்டுகளில் கழிவுநீர் மண்ணுக்குள் இறங்கும் குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் 18 மீட்டராவது இடைவெளி வேண்டும். மூன்று சென்ட் மனையில் அதற்கு இடமே இல்லை. அண்டை வீட்டாரின் குழி நம் போர்வெல்லுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதையும் பார்த்துவிட்டு, அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா, புழக்கத்துக்கு மட்டுமா என்று முடிவு செய்யுங்கள்.

பழைய வீடு வாங்குகிறவர்களுக்கு நம் ஊரில் பிரத்தியேகமான ஒரு விஷயம் இருக்கிறது. சோமனூர், கருமத்தம்பட்டி வட்டாரத்தில் விசைத்தறி ஓடாத தெருவே குறைவு. தொழில் நலிந்த பின் தறிக்கூடங்கள் பலவும் குறுக்குச் சுவர் எழுப்பி, டைல் ஒட்டி, வாடகைப் போர்ஷன்களாகவும் விற்பனை வீடுகளாகவும் மாறியிருக்கின்றன. தறிகளின் அதிர்ச்சியைப் பல வருஷம் தாங்கிய சுவர், சிமெண்ட் சீட் கூரையைத் தாங்குவதற்கென்று கட்டியது. அதன் மேல் இப்போது கான்கிரீட் தளமும் மாடியும் ஏறியிருந்தால், இடையில் தூண் கொடுத்தார்களா என்பதே முதல் கேள்வியாக இருக்கவேண்டும். எண்ணெய் ஊறிய தரையின் மேல் ஒட்டிய டைல் நிற்காது. ஆஸ்பெஸ்டாஸ் கலந்த பழைய சீட் இருந்தால், அதை உடைத்து அறுத்துத் தூசி கிளப்புவது நுரையீரலுக்குக் கேடு. நனைத்து, உடைக்காமல் இறக்கும் முறையைப் பொறியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டோடு சேர்த்துச் சுற்றுச்சுவரையும் பார்க்கச் சொல்லுங்கள். 2019 டிசம்பர் 2-ஆம் தேதி விடியற்காலையில், நம் மாவட்டத்து மேட்டுப்பாளையம் நடூரில், பெருமழையில் ஒரு வீட்டின் உயரமான கருங்கல் சுற்றுச்சுவர் சரிந்து, பக்கத்துக் குடிசை வீடுகளில் உறங்கிக்கொண்டிருந்த பதினேழு பேர் மாண்டார்கள். மழைநீர் வெளியேற வழியில்லாமல் நீளமாகவும் உயரமாகவும் நிற்கிற சுவர் எதுவாயினும், அதன் மறுபக்கத்தில் வசிக்கிறவர்களின் உயிரும் அதை வாங்குகிறவரின் பொறுப்பில் அடங்கும்.

இனி யாரை அழைப்பது? அமெரிக்காவில் 1976 முதலே வீட்டுப் பரிசோதகர்களுக்கென்று தேசிய சங்கம் இருக்கிறது, பல மாநிலங்களில் அரசாங்க உரிமமும் உண்டு. இங்கிலாந்தில் பட்டயச் சர்வேயர்கள் வீட்டின் வயதுக்கும் நிலைக்கும் ஏற்ப மூன்று தரங்களில் பரிசோதித்து அறிக்கை தருகிறார்கள். இந்தியாவில் இந்தத் தொழிலுக்கென்று தனி உரிமம் இல்லை; பெயர்ப்பலகை மாட்டிக்கொள்கிற எவரும் பரிசோதகர் ஆகலாம். ஆகையால் தகுதியை நாம்தான் பார்க்கவேண்டும்: கட்டட அமைப்பில் படிப்பும், தாமே கட்டடங்களை வடிவமைத்து நிறுத்திய அனுபவமும் உடைய பொறியாளராக இருக்கவேண்டும், மின்சாரத்துக்கு உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவர் உடன் வரவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த வீடு விற்றாலும் விற்காவிட்டாலும் அவருடைய ஊதியம் மாறக்கூடாது. புரோக்கர் சிபாரிசு செய்கிற பொறியாளரையும், குறையைச் சொல்லி அதைச் சரிசெய்யும் கான்டிராக்டையும் தாமே கேட்கிறவரையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். சுதந்திரமான கண்ணின் அருமை சாமானியமானது அல்ல. 2014 ஜூன் 28-ஆம் தேதி சென்னை மௌலிவாக்கத்தில் பதினோரு மாடிக் கட்டடம் இடிந்து அறுபத்தொரு பேர் இறந்தபோது, எல்லா அனுமதிகளும் காகிதத்தில் இருந்தன. 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் கை பட்டவுடன் பூச்சு உதிர்கிறது என்று குடியேறிய ஏழை ஜனங்கள் முறையிட்டபோது, அரசாங்கமே சென்னை ஐ.ஐ.டி. நிபுணர்களை அழைத்துப் பரிசோதிக்கச் சொல்லவேண்டி வந்தது. அரசுக்கே வேண்டியிருக்கிற மூன்றாம் மனிதரின் கண், தனி மனிதனுக்கு வேண்டாமா?

செலவைப் பற்றித் தயங்குகிறவர்கள் இதை நினைக்கட்டும்: அறுபது லட்சத்துக்குக் கிரயம் எழுதினால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக ஒன்பது சதவீதம், ஐந்து லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய், மறுபேச்சின்றிக் கட்டுகிறோம். பரிசோதனைக்கு ஆகும் தொகை அதில் ஒரு சிறு பின்னம்.

காலம் முக்கியம். அட்வான்ஸ் கொடுத்து ஒப்பந்தம் எழுதும்போதே, இன்ன தேதிக்குள் வாங்குபவர் தம் செலவில் கட்டடத்தைப் பரிசோதிக்கலாம், அமைப்பில் குறை கண்டால் விற்பவர் சீர்செய்யவேண்டும் அல்லது அட்வான்ஸைத் திருப்பவேண்டும் என்று ஒரு வாசகம் சேர்க்கச் சொல்லுங்கள். வக்கீல் அதை இரண்டு வரியில் எழுதிவிடுவார். இந்த வாசகத்துக்குச் சம்மதிக்காத விற்பனையாளர், அந்த மறுப்பினாலேயே நமக்கு ஒரு தகவலைத் தந்துவிடுகிறார். என் தம்பி மகனுக்கு வீடு விற்றவரும் முதலில், "ஏனுங்ண்ணா, நம்ம மேல நம்பிக்கை இல்லீங்களா?" என்று வருந்தத்தான் செய்தார். அறிக்கை எழுத்தில் வந்த பிறகு, எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் அந்த வாரத்திலேயே வந்துசேர்ந்தன. மாடியின் வாட்டம் திருத்தப்பட்டு, குழாய் வாயை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் கட்டி வைத்துப் பார்த்தார்கள், கீழே ஒரு சொட்டு இறங்கவில்லை. கண்ணாடிப் பட்டை ஐப்பசி மழை முடிந்தும் உடையாமல் இருந்தது; அதற்குப் பிறகே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனார்கள். உடைந்திருந்தால் விலகியிருப்பான், விலகுகிற உரிமையை அந்த இரண்டு வரி அவனுக்குக் கொடுத்திருந்தது.

சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருந்துகொண்டு, கைப்பேசிக் காமிராவில் வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்லி வாங்குகிற நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. வயதான அப்பாவை ஏணியில் ஏற்றித் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்கச் சொல்லாதீர்கள். நீங்களே நேரடியாகப் பொறியாளருக்கு ஊதியம் அனுப்புங்கள், அறிக்கையை நேரடியாக உங்களுக்கே அனுப்பச் சொல்லுங்கள், விரிசல்களின் தேதியிட்ட படங்களோடு அதன் பிரதி ஒன்றைக் கிரயப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். ரெரா பதிவு உள்ள வீடாயின், வீட்டை ஒப்படைத்த தேதியை அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதி, ஐந்தாம் வருஷம் முடிவதற்குச் சில மாதங்கள் முன்பாக அதே பொறியாளரை மறுபடியும் வரவழைத்து, அவர் காண்கிற குறைகளைக் கட்டியவருக்கு விரைவுத் தபாலில், போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியோடு, எழுதி அனுப்புங்கள்.